அம்மா பதிந்து வைத்த பதில்

காரைக்குடியில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடைக்காரர் கண்ணாடி மேஜை மேல் இரண்டு போன்களை எடுத்து வைத்தார். இரண்டுமே வயர் இல்லாதவை. வீட்டில் ஆள் இல்லாதபோது கூப்பிடுகிறவர் சொல்வதைப் பதிந்து வைக்கும் வசதியும் இரண்டிலும் உண்டு. ஒன்றில் ஓர் இங்கிலீஷ்காரியின் குரல் கம்பெனியிலிருந்தே பதிந்து வந்திருந்தது. இப்போது யாரும் இல்லை, சேதியைச் சொல்லுங்கள் என்று பாடம் ஒப்பிப்பாள். இன்னொன்றில் சின்ன கேசட் இருந்தது. அதில் நம் குரலையே பதிந்துகொள்ளலாம்.

கடைக்காரர் இங்கிலீஷ்காரி பக்கம்தான் சாய்ந்தார். “இத எடுத்துக்கங்க டீச்சர், இது பாட்டுக்கு வேல செய்யும். அதுல நீங்க என்னத்தப் பேசுறீகளோ அதத்தான் திருப்பிச் சொல்லும்” என்றார்.

நான் கேட்டால்தானே. பள்ளத்தூரில் பன்னிரண்டு வருஷம் தமிழ் நடத்திய திமிர் எனக்கு. எங்கள் வீட்டுக்கு வருகிற போனுக்கு முன்பின் தெரியாத ஒருத்தி எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அவரிடமே வாயடித்துவிட்டு, கேசட் வைத்ததை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்த போனே தம்பிக்காகத்தான். மஸ்கட்டில் கூட வேலை பார்த்த பெண்ணை அவன் கல்யாணம் செய்துகொண்டான். அவள் எங்களைப் போல வேதக்காரப் பெண் இல்லை, கல்யாணமும் மாதா கோயிலில் நடக்கவில்லை. இனி என் முகத்தில் விழிக்காதே என்று அம்மா சொல்லச் சொல்ல, ஓர் எழுத்துப் பிழை இல்லாமல் எழுதித் தபாலில் போட்டவள் நான். மூன்று வருஷத்தில் அம்மாவின் கோபம் கரைந்துவிட்டது, வீம்பு மட்டும் பாக்கி. எங்களுக்கு போன் கனெக்‌ஷன் கிடைத்ததும் நம்பரைக் கிறிஸ்துமஸ் கார்டில் எழுதி அவனுக்கு அனுப்பினேன். அம்மா அதைப் பார்த்தும் பார்க்காதவள் மாதிரி இருந்துகொண்டாள். ஆனால் மணி அடித்தால் போதும், முட்டிவலியோடு கொல்லையிலிருந்து கிளம்புவாள். முன்கட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது நின்றுவிடும். நின்றுபோன ஒவ்வொரு மணியும் தம்பியுடையதுதான் என்று அவளுக்கு நிச்சயம்.

புது போனில் குரல் பதியும் வேலையை அம்மாவிடம் விட்டேன். இப்போது வீட்டில் இல்லை, பிறகு பேசுகிறேன் என்று சொல்லச் சொன்னேன்.

“வெளக்கு எரியிற வீட்ல இருந்துக்கிட்டு இல்லன்னு சொல்லலாமா?” என்று முறைத்தாள்.

அம்மா அப்படித்தான். உப்பு தீர்ந்துபோனால்கூட ‘உப்பு நெறஞ்சிருக்கு’ என்பாள். தெருமுனைக் கடைக்குப் போவதானாலும் ‘வாரேன்’ என்பாளே தவிர, ‘போறேன்’ என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பொத்தானை அழுத்திக் கொடுத்தேன். வாசலில் யாரோ நிற்பது போல லேசாகக் குனிந்து சொன்னாள்:

“இருக்கேன்யா. இந்தா வாரேன், இரு.”

யாரை நினைத்துச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அதனாலேயே திருத்த மனம் வரவில்லை. தேவகோட்டைச் சித்தப்பா ஒரு நாள் போனில் காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய், ஒங்க அம்மா இந்தா வாரேன்னுட்டு எங்குட்டுத்தான் போனாக என்று நேரில் வந்து சண்டை போட்டார். நாங்கள் சிரித்தோம். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அந்த மழைக்காலத்தில் மூச்சு முட்டி அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆயிற்று. மறுநாள் மாற்றுச்சேலை எடுக்க வீட்டுக்கு வந்தேன். போனில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. அழுத்தினால், தம்பி குரல்.

“அம்மா, நான்தான்.” கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. “மெதுவா வாங்க, லயன்லதான் இருக்கேன்.” மறுபடி வெறும் இரைச்சல். “லீவு கெடச்சிருக்கும்மா. நாங்க ரெண்டு பேரும் வரட்டுமா?” அதற்குப் பிறகு வெகுநேரம் கேசட் சும்மாவே ஓடியது. கடைசியில் போனை வைக்கும் சத்தம்.

எனக்கு அவன் குரல் மட்டும்தான் கேட்டது. அந்தச் சும்மா ஓடிய நேரம் காதில் ஏறவே இல்லை. எடுக்க வந்த சேலையைக்கூட மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தம்பி பேசினான், அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறான் என்று சொன்னேன். அம்மா தலையை வாரிவிடச் சொன்னாள். ஆஸ்பத்திரிச் சட்டையோடு மருமகளைப் பார்ப்பதா என்று வீட்டுச் சேலை கேட்டாள். அன்றிலிருந்து எட்டு நாள், வார்டில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கதவைப் பார்த்தாள். எட்டாம் நாள் மத்தியானம் கண்ணை மூடினாள்.

தம்பி வீடு மாறியிருந்தான். நான் அடித்த தந்தி பழைய விலாசத்தில் கிடந்து தாமதமாகத்தான் அவனுக்குக் கிடைத்தது. ஒரு மாதம் கழித்து அவன் மட்டும் வந்தான். கல்லறைக்குப் போய்விட்டு முன்கட்டில் வந்து உட்கார்ந்தவனிடம், வருகிறேன் என்றவன் ஏன் வரவில்லை என்று சீறினேன்.

“வரட்டுமான்னுதானே கேட்டேன் அக்கா. அம்மா பதிலே சொல்லலையே” என்றான். “இந்தா வாரேன்னாக. முட்டிவலில மெதுவா வாராகன்னு காத்துக்கிட்டே இருந்தேன். என் குரல்னு தெரிஞ்சதும் பேசப் பிடிக்காம நின்னுட்டாக போலன்னு நெனச்சேன். அன்னைக்கே டிக்கெட்டத் திருப்பிக் குடுத்துட்டேன்.”

எழுந்துபோய்ப் பொத்தானை அழுத்தினேன். “இருக்கேன்யா. இந்தா வாரேன், இரு” என்றாள் அம்மா. மண்ணுக்குள் போய் ஒரு மாதம் ஆனவள், அன்று போலவே சொன்னாள். தம்பி போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

அந்த இங்கிலீஷ்காரியை வாங்கி வந்திருந்தால், யாரும் இல்லை என்று உள்ளதைச் சொல்லியிருப்பாள். அவன் மறுபடி கூப்பிட்டிருப்பான். அம்மா எட்டு நாளும் பார்த்துக்கொண்டிருந்த கதவு வழியாக வந்திருப்பான். இத்தனை வருஷமாகியும் என் நெஞ்சு ஆறவில்லை. தேர்ந்தெடுத்தவள் நான்தானே.

“அப்ப அம்மாவுக்கு எம்மேல கோவம் இல்லையா அக்கா?” என்று கேட்டான்.

“இல்லடா” என்றேன். அம்மா சொல்ல மறுத்த அந்த வார்த்தையை அவனுக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.