கழற்றி நிறுத்திய வண்டி

என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். சிங்களமும் இங்கிலீசும் காதில் புழங்குவதோடு சரி.

மகளும் மருமகனும் ஒருகொடவத்தைப் பட்டறை ஒன்றில் கேரவன் செய்வித்தார்கள். எங்கள் வான் வண்டிக்குப் பின்னால் கொளுவி இழுத்துப் போகிற சின்ன வீடு அது. இரண்டு கட்டில், காஸ் அடுப்பு, பாத்திரம் கழுவுகிற தொட்டி. ஜன்னல் திரைகளைக் கொட்டாஞ்சேனை வீட்டில் இருந்து நான்தான் தைத்தேன். வெளிநாட்டவர்களுக்கு வானோடு சேர்த்து வாடகைக்கு விடுவது யோசனை. முதல் குடும்பம் சனிக்கிழமை பொத்துவிலுக்குப் புறப்பட இருந்தது. அதற்குள் காப்புறுதி எடுக்க வேண்டும்.

புதன்கிழமை கொள்ளுப்பிட்டியில் உள்ள காப்புறுதி அலுவலகத்துக்கு மகளோடு போனேன். பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் தொடங்குகிறது, அதற்கு முன் கையெழுத்து வைத்துவிட வேண்டும் என்று நேரம் பார்த்துச் சொன்னவளும் நான்தான்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒரு முஸ்லிம் இளைஞர், நல்ல சிரித்த முகம். படிவம் மூன்று மொழியிலும் இருந்தது. மகள் இங்கிலீசுப் பக்கத்தை மளமளவென்று நிரப்பினாள். நான் சும்மா இருக்கமாட்டாமல் தமிழ்ப் பக்கத்தை விரல் வைத்து வாசித்தேன். இழுவை வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கு, அது வாகனத்துடன் இணைக்கப்பட்டிருக்கும்போது மட்டுமே நட்டஈடு என்று இருந்தது. அந்த ‘மட்டுமே’யில் என் விரல் நின்றுவிட்டது.

பொத்துவிலில் என்ன செய்வார்கள்? கேரவனைக் கழற்றிக் கடற்கரையில் நிறுத்திவிட்டு, வானில் ஊர் சுற்றப் போவார்கள்.

வெளியாட்களோடு நான் கதைப்பதில்லை. வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் மகளின் வாயால்தான் கேட்பேன். அவளுடைய முழங்கையைத் தட்டினேன்.

“இதைக் கேள் பிள்ளை. வண்டியைக் கழட்டி விட்டா என்ன மாதிரி?”

“அம்மா, இன்னும் ஏழு நிமிசந்தான் இருக்கு. நீங்கதானே நேரம் பார்த்துத் தந்தனீங்கள்.”

“தந்தனான்தான். போனாப் போகட்டும், கேள்.”

“பிறகு ஏதும் நடந்தா ராகுகாலத்தில கையெழுத்து வச்சதாலதான் எண்டு என்னைத்தான் பேசுவீங்கள்.”

இளைஞர் சிரித்தார். “என்னட்டயே கேளுங்களேன் அம்மா. நான் கடிக்க மாட்டன்.”

மேசையைப் பார்த்தபடியே கேட்டேன். “தம்பி, வாடகைக்கு எடுக்கிற ஆக்கள் கழட்டிவிட்ட வண்டி தனிய நிக்கேக்க உருண்டு ஒரு பிள்ளையில பட்டா, நீங்கள் பொறுப்போ?”

அவர் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி இரண்டு முறை வாசித்தார். “இதுல இல்லம்மா. தனியா எழுதிச் சேர்க்கணும்.” பிறகு மகளைப் பார்த்தார். “இதை வாடகைக்கா விடப்போறீங்க? சொந்தப் பாவனைன்னு போட்டிருக்கீங்களே.”

“வானுக்கு எப்பவும் அப்பிடித்தானே போடுறனாங்கள்.”

“வாடகை ஓட்டத்துல ஏதாவது நடந்தா ஒண்டும் கிடைக்காது. வழக்கு வந்தா வீட்டை வித்துத்தான் கட்டணும்.”

மகள் பேனாவை வைத்துவிட்டாள். அந்த வீடு ஒன்றுதான் எங்களிடம் இருக்கிறது.

அவர் புதுப் படிவம் எடுத்தார். வாடகைப் பாவனை என்று வானுக்கும் கேரவனுக்கும் மாற்றினார். கழற்றி நிறுத்தியிருக்கும் நேரத்துக்கு ஒரு வரி சேர்த்து, மேலதிகாரியிடம் கொண்டுபோய் ஒப்பம் வாங்கி வந்தார். உள்ளே இருக்கும் சாமான்களையும் ஒவ்வொன்றாக எழுத வேண்டுமாம். கட்டில், அடுப்பு, தொட்டி, திரை என்று நான் சொல்லச் சொல்ல எழுதினார். மகளை அவர் கேட்கவில்லை. சேர்த்த வரியைத் தமிழில் வாசித்துக் காட்டி, “சரியாம்மா?” என்று என்னிடம் கேட்டார்.

“ஓம் தம்பி. ஆனா அடுப்பால நெருப்புப் பிடிச்சா?”

“அதுவும் இருக்கு” என்று இடத்தைக் காட்டினார். வாசித்துப் பார்த்தேன். இருந்தது.

மணி பன்னிரண்டரை. “வைக்கட்டோ அம்மா?” என்றாள் மகள். “வை” என்றேன்.

சனிக்கிழமை காலை கேரவன் எங்கள் ஒழுங்கையிலிருந்து மெல்லத் திரும்பிப் போனது. பக்கத்து வீட்டுப் பெண் வந்து, திரைகள் நல்ல வடிவு, நீங்களோ தைத்தது என்று கேட்டாள். ஓம் என்றேன். காப்புறுதியும் நான் வாசித்துத்தான் எடுத்தது என்றேன். நான் வாசிப்பேன் என்று நானாக ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.