யுகாதியன்று கவிழ்ந்த தட்டு

மண்ணில் கவிழ்ந்து கிடக்கும் ஒரு பித்தளைத் தட்டு. என் அண்ணியை நினைத்தால் முதலில் அதுதான் கண்ணுக்கு வருகிறது. யுகாதிக் காலை அது. தட்டைச் சுற்றி வெல்லப்பொடியும் வேப்பம்பூவும் சிதறியிருந்தன. யாரும் குனிந்து எடுக்கவில்லை. சாமி முன்னால் வைத்து எடுத்த தட்டைக் கவிழ்ப்பது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். கவிழ்த்த அண்ணிக்கும் தெரியும்.

கௌதள்ளி கிராமத்திலிருந்து மைசூருக்கு வந்த நாங்கள், ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி ஒருவரின் பங்களாவில் பின்பக்க அறையில் குடியிருந்தோம். வாடகை கிடையாது, பதிலுக்கு அண்ணி தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். அண்ணன் தேவராஜ மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்கப் போனவன் நான். அப்போது கல்லூரியில் இருந்தேன். அந்த அறை போனால் என் படிப்பும் நிற்கும். அது எங்கள் மூவருக்கும் தெரிந்த விஷயம்.

பண்டிகைக்கு முந்தின நாள், மாம்பூவில் பூச்சி விழுந்திருக்கிறதென்று ஐயா ஆள் வைத்து மருந்து அடித்தார். பக்கத்திலேயே வேப்பமரம், இரண்டின் கிளைகளும் பின்னிக்கொண்டு நிற்கும். காற்றும் வேம்பின் பக்கம்தான் வீசியது. சாயங்காலம் பெருக்கும்போது உதிர்ந்த வேப்பம்பூவோடு செத்த தேனீக்களும் முறத்தில் வந்தன. அண்ணி நேரே வீட்டம்மாவிடம் போனார்.

“இந்த வருசம் பூவ மார்க்கெட்ல வாங்கிக்கலாமுங்கம்மா. எங்க வீட்டுக்காரர கொண்டாரச் சொல்றேனுங்க.”

“நம்ம மரத்துல பூத்துக் கொட்டறப்போ கடைப்பூவா? நல்லா இருக்கும்மா நீ சொல்றது!”

சொந்த மரத்துப் பூவைக் குளித்துவிட்டுப் பறித்து, பச்சையாகவே வெல்லத்தில் கலந்து யுகாதியன்று ஆளுக்கொரு சிட்டிகை சாப்பிடுவதுதான் அந்த வீட்டு வழக்கம். அலசினால் பூவின் தேன் போய்விடுமாம். மற்றபடி மகா ஜாக்கிரதையான குடும்பம். மண்ணெண்ணெயைக் கண்ட பாட்டிலில் ஊற்ற விடமாட்டார்கள். கிணற்றடியில் பாசி பிடிக்க விடமாட்டார்கள். பண்டிகை நாளில் மட்டும் விஷம்கூட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கும் என்று நினைத்துவிட்டார்கள்.

மறுநாள் பூஜை முடிந்து எல்லோரும் தோட்டத்துப் படியில் நின்றார்கள். முதல் சிட்டிகை பேரனுக்கு. ஐயா தட்டுக்குக் கை நீட்டுமுன்பே குழந்தை வாயைத் திறந்துவிட்டான். அண்ணி குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து வீட்டம்மா கையிலிருந்த தட்டைத் தட்டிவிட்டார்.

“பைத்தியமா உனக்கு? மருந்து அடிச்சது மாமரத்துக்கு! உனக்கென்ன தெரியும்?” என்று ஐயா கத்தினார்.

“ஒண்ணும் தெரியாதுங்கய்யா. தெரியாததக் கொளந்த வாயில வெக்க வேண்டாங்கறேன், அவ்வளவுதானுங்க.”

அப்போதே அறையைக் காலி செய்யச் சொன்னார். விடிகாலை மூட்டைகளை இறக்கிவிட்டு அப்போதுதான் வந்த அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“நல்ல நாளும் அதுவுமா, வாய மூடிட்டு இருந்தா என்ன புள்ள?”

“நான் எங்கீங்க வாயத் தொறந்தேன்? தட்டத்தான கவுத்தேன்.”

அந்தப் பூவில் மருந்து இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. ஒன்றும் ஆகியிருக்காது, அவசரப்பட்டுவிட்டாள், தம்பி படிப்பில் ஒரு வருஷம் போனதுதான் மிச்சம் என்று எங்கள் உறவில் இன்றும் சொல்கிறார்கள். போனது என் வருஷம். நானே வருத்தப்படவில்லை, இவர்களுக்கு என்ன? ஆதாரம் எங்கே என்று கேட்கிறார்கள். அண்ணி அன்று சும்மா இருந்திருந்தால் ஒருவேளை ஆதாரம் கிடைத்திருக்கும். அது எந்த உருவத்தில் கிடைத்திருக்கும் என்று அவர்களே ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்கட்டும். நான் அண்ணியின் பக்கம்தான். அன்றும், இன்றும்.

தகரப்பெட்டியும் பாய்ச்சுருளுமாக நாங்கள் கேட்டைத் தாண்டியபோது குழந்தை இன்னும் ஓயவில்லை. கண்ணில் காட்டிவிட்டுக் கொடுக்காத வெல்லத்துக்காக வீறிட்டுக்கொண்டிருந்தான். தெருமுனைவரை கேட்டது. அண்ணி அங்கே பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் காது கொடுத்தார். அன்று முதன்முதலாக முகத்தில் சிரிப்பு வந்தது.

“என்ன தொண்டை பாரு தம்பி,” என்றார். “நல்லாத்தான் அளுவுறான்.”