உடைத்து நட்ட தோட்டம்

அலுவலகத்தில் அவளுக்கு ‘ச்சீ மேடம்’ என்று பட்டப்பெயர். வாய்விட்டுத் திட்ட வராது. பிடிக்காத எதைக் கண்டாலும் மூக்கைச் சுளித்து அந்த ஒரு சொல்லை உதிர்ப்பாள்; அதோடு சரி. மேசையில் காய்ந்துபோன டீக்கறைக்கும் அதே ‘ச்சீ’, பொய்யான ஆய்வுக் கட்டுரைக்கும் அதே ‘ச்சீ’.

ஆனால் அவள் பார்த்த வேலையோ அருவருப்புப் பார்த்தால் ஆகிற வேலை இல்லை. பவளப்பாறைகளின் உடல்நிலையைக் கவனிப்பது. பாறையில் ஆணி அடித்துக் குறித்து வைத்த அதே இடங்களுக்குத் திரும்பத் திரும்ப முங்கிப் போக வேண்டும். குழாயில் செய்த சதுரச் சட்டத்தை வைத்துப் படம் எடுக்க வேண்டும். உயிரோடு இருப்பது எவ்வளவு, செத்தது எவ்வளவு, பாசி ஏறியது எவ்வளவு என்று பழைய படத்தோடு ஒப்பிட வேண்டும். பவளம் பார்க்கத்தான் கல். உள்ளே கூட்டங்கூட்டமாகக் குட்டிப் பிராணிகள் குடியிருக்கின்றன. அவை செத்து அழுகினால் வரும் நாற்றம் இருக்கிறதே, எந்தச் சோப்புக்கும் மசியாது.

அதை அதிகம் அனுபவித்தவள் அவள் தங்கை. வீட்டின் முன்னறையில் அழகு நிலையம் நடத்தி வந்தாள்.

“அக்கா, பின்பக்கமா வா. உள்ள ஒருத்தங்க முகத்துல பூசிக்கிட்டுக் கண்ணை மூடிப் படுத்திருக்காங்க. நீ நுழைஞ்சா எந்திரிச்சு ஓடிடுவாங்க.”

“செத்ததைத் தொட்டுட்டு வரேன்டி. மல்லிகைப்பூ வாசனையா வரும்?”

ஒரு கோடையில் கடல்நீர் சூடேறிப் போனது. மேற்குப் பக்கப் பாறை முழுக்க வெளுத்து, பிறகு செத்து, அதன்மேல் சளி மாதிரி ஒரு படலம் தொங்கியது. அதற்குள் கைவிட்டு மாதிரி எடுத்தவள், படகில் ஏறியதும் ஓங்கரித்தாள். கிழக்குப் பக்கம் மட்டும் எப்படியோ தப்பியது. வெளுத்த கிளைகளில் மழைக்குப் பிறகு மெல்ல மெல்லப் பழுப்பு நிறம் திரும்பியது. ஏன் அது மட்டும் பிழைத்தது? அவளுடைய ஆராய்ச்சி மொத்தமும் அந்தக் கேள்வியில் வந்து நின்றது.

அந்தச் சமயத்தில்தான் நிறுவனத்தின் இயக்குநர் ‘பவளத் தோட்டம்’ என்றொரு திட்டத்தைத் தொடங்கினார். சிமென்ட் சட்டங்களில் பவளத் துண்டுகளைக் கட்டிக் கடலில் இறக்கி வளர்ப்பது. முறையாகச் செய்தால் நல்ல காரியம்தான். இவர் பிடித்த இடம் துறைமுகச் சுவருக்குப் பக்கம்.

“சார், அங்கதான் ஊர்ச் சாக்கடை வந்து விழுது.”

“தொடக்க விழாவுக்கு வர்ற விருந்தாளிங்க, அடியில கண்ணாடி வச்ச படகுல வந்து பார்க்க அதுதாம்மா வசதி. அவங்களை நடுக்கடலுக்கா கூட்டிட்டுப் போக முடியும்?”

“துண்டுங்க எங்கிருந்து சார்?”

“அலையில தானா உடைஞ்சு விழுந்ததைப் பொறுக்கித்தான்.”

விழாவுக்கு அவள் போகவில்லை. அது முடிந்த சில நாளில் கிழக்குப் பக்கம் முங்கினாள். ஆணி இருந்தது, அதைச் சுற்றியிருந்த கிளைகள் இல்லை. அலை உடைத்தால் தாறுமாறாக உடையும், துண்டுகள் அடியில் சிதறிக் கிடக்கும். இங்கே உளி வைத்து ஒரே மட்டமாகத் தட்டிய முண்டங்கள். அடுத்த ஆணியிலும் அப்படித்தான். இருப்பதில் நல்லதாகப் பார்த்துப் பார்த்து வெட்டியிருந்தார்கள்.

மேலே வந்து முகமூடியைக் கழற்றி எறிந்தாள். படகோட்டி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“யாரு வெட்டினது?”

“நம்ம ஆளுங்கதான் மேடம். நான்தான் கூட்டிட்டு வந்தேன். உங்க வரைபடத்தைக் கையில வச்சிருந்தாங்க. நீங்கதான் சொல்லி அனுப்பினீங்கன்னு நினைச்சுட்டேன்.”

எது நன்றாகப் பிழைத்தது என்று அவள் குறித்து வைத்திருந்த வரைபடம். நல்ல கடற்காற்றில், எந்த நாற்றமும் இல்லாமல், அவள் மூக்கைச் சுளித்தாள்.

நேராக இயக்குநரிடம் போனாள். அவர் அசரவில்லை. “முடி வெட்டினா திரும்ப வளரலையா? அது மாதிரிதாம்மா. திட்ட அறிக்கையில உங்க பேரைத்தான் முதல்ல போட்டிருக்கேன், பாருங்க.”

பார்த்தாள். யாரோ எச்சில் கையால் கன்னத்தைத் தடவியது போலிருந்தது.

“என் பேரை எடுத்துடுங்க சார்.”

“எடுத்தா நல்லா இருக்காது.”

“இருந்தாதான் சார் நல்லா இருக்காது.”

சில மாதம் கழித்துத் திட்டத்தை மதிப்பிட வெளியிலிருந்து ஒரு குழு வந்தது. முந்தின நாள் அவள் தோட்டத்தில் இறங்கினாள். கறுப்புச் சேறு. சட்டங்களின் மேல் குளியலறைச் சல்லடையில் சேரும் முடி மாதிரிப் பாசி. பிளாஸ்டிக் பட்டையில் கழுத்து இறுகிக் கிடந்தன துண்டுகள். கடைசியாக ஒன்றிரண்டு அப்போதுதான் அழுகிக்கொண்டிருந்தன. ஒரு சட்டத்தில் குழந்தையின் டயப்பர் ஒன்று மாட்டி அசைந்தது. சின்னச் சட்டமாக ஒன்றை, சேறும் சகதியுமாக, படகோட்டியின் உதவியோடு தூக்கி மூடிபோட்ட தொட்டியில் வைத்தாள்.

மறுநாள் கூட்டத்தில் இயக்குநர் விழாப் படங்களைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தார். அவள் தொட்டியை மேசை நடுவே வைத்து மூடியைத் திறந்தாள். சன்னல்கள் அடைத்த அறை. ஏசி அந்த நாற்றத்தை எல்லோருக்கும் வஞ்சனையில்லாமல் பரிமாறியது.

குழுவின் தலைவி ஒரு பேராசிரியை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “என்னம்மா இது?” என்றார்.

“தோட்டம் மேடம். திரையில தெரியுதே, அதேதான். கிழக்குப் பக்கம் உயிரோட இருந்ததை வெட்டிட்டு வந்து நட்டது.”

“முதல்ல அதை வெளியே கொண்டு போங்க!” இயக்குநர் எழுந்துவிட்டார்.

“இருக்கட்டும் சார்,” என்ற தலைவி அவள் பக்கம் திரும்பினார். “வெட்டின இடத்தோட படம் இருக்காம்மா?”

இருந்தது, வெட்டும் முன்பு எடுத்ததும், பின்பு எடுத்ததும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள்.

உயிருள்ள பாறையிலிருந்து வெட்டக் கூடாது என்று குழு உத்தரவு போட்டது. அது ஒன்றுதான் நடந்தது. ஆண்டறிக்கையில் ‘முதற்கட்டம் இனிதே நிறைவு’ என்று வந்தது, அவள் பெயர் இல்லாமல். இயக்குநருக்கு ஒரு துளி சேதமில்லை. இன்னொரு குழுவில் உறுப்பினரும் ஆனார். அவளை மாதிரிப் பொருட்களின் கிடங்குக்கு மாற்றினார்கள். ஸ்பிரிட்டில் மிதக்கும் மீன்களுக்குக் காவல்.

“இந்த வாசனை தேவலைக்கா,” என்றாள் தங்கை. “ஆஸ்பத்திரின்னு நினைச்சுக்குவாங்க.”

கிழக்குப் பக்கத்தைத் தொடர்ந்து கவனிக்க அந்தப் பேராசிரியை அவளுக்குத் தனியாக அனுமதி வாங்கித் தந்தார். விடுப்பு எடுத்துக்கொண்டு போய் வருகிறாள். முண்டங்களில் சிலவற்றைப் புதுத்தோல் மூடி வருகிறது. மற்றவற்றில் பாசி முந்திக்கொண்டது. அந்தப் பக்கம் ஏன் பிழைத்தது என்ற கேள்விக்கு இனி முழுப் பதில் கிடைக்காது, வெட்டிப் போனது பிழைத்ததைத்தானே. தெரிந்தேதான் படம் எடுக்கிறாள்.

துறைமுகச் சுவருக்குப் பக்கம் சட்டங்கள் அப்படியே கிடக்கின்றன. எடுக்கச் சொல்லி எழுதினால், திட்டம் முடிந்துவிட்டது, இனி எங்கள் பொறுப்பில்லை என்று பதில் வருகிறது. போன விடுமுறையில் அவளும் படகோட்டியும் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள். இரண்டு மேலே வந்தன. மீதியைச் சேறு விடவில்லை.