இரண்டு குளிர்காலத்து வியர்வை

"இன்னும் கொஞ்சம் வேர்க்கணும்," என்றாள் மார்சியா.

ஜூலை வெயில். கோட்டை முற்றத்தில் ஸெனோன் மாமா பீவர் என்னும் நீர்விலங்கின் தோலில் செய்த போர்வையை வெற்று உடம்பில் சுற்றிக்கொண்டு, ரோமம் உள்பக்கம் உரச, உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார். நான் டிக்கெட் ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒரு சுற்றுலாக்காரர் என்னிடம், "இது அசலா?" என்றார்.

"போர்வையா, ஆளா?" என்று கேட்டேன்.

தோல் வியாபாரிகள் கட்டிய அசல் கோட்டை எரிந்து நூறு வருடமாகிறது. இப்போது நிற்பது மரம் அறுக்கும் மில்லில் வந்த பலகை. பழைய கோட்டையின் வாசல் ஆற்றைப் பார்த்து இருந்தது, தோல் அந்த வழியாகத்தான் வந்தது. புதிய வாசல் நெடுஞ்சாலையைப் பார்க்கிறது, பேருந்துகள் அந்த வழியாக வருகின்றன.

கோடைதோறும் மாமா இங்கே வேட்டைக்காரர் வேஷம் போடுவார். நிஜத்திலும் அவர் வேட்டைக்காரர்தான். தோல் விலை விழுந்ததும் அந்த மில்லுக்கு வேலைக்குப் போனார். மில்லும் மூடிவிட்டது. நிஜ வேட்டைக்கு அவர் ரப்பர் பூட்ஸும் நைலான் ஜாக்கெட்டும் போடுவார். அது பொருத்தமாக இல்லை என்று மார்சியா குஞ்சம் வைத்த தோல் சட்டை வாங்கிக் கொடுத்தாள். அவள்தான் எங்கள் நிர்வாகி, டொராண்டோக்காரி. பொறியைப் பார்த்துக் குழந்தைகள் அழுவதால் அடுத்த மாதத்தோடு வேட்டைக்காரர் வேண்டாம், மெழுகுவர்த்தி செய்து காட்டலாம் என்று முடிவெடுத்திருந்தாள். மாமாவிடம் சொல்லியும்விட்டாள்.

அந்த வாரம்தான் நகரத்திலிருந்து ஒரு பழம்பொருள் நிபுணர் வந்தார். கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, பளபளக்கும் போர்வையை மோந்து பார்த்தார்.

"புதுசு," என்றார். "வியாபாரிங்க இதுக்குப் பாதி விலைதான் கொடுத்திருப்பாங்க. இங்க இருந்தவங்க போர்த்திப் போர்த்தி எண்ணெய் ஏறின பழசுக்குத்தான் முழு விலை." இரண்டு வருடம் கழித்து வருவதாகவும், அப்போதும் இதே போர்வை இப்படியே இருந்தால் கோட்டையின் சான்றிதழைப் புதுப்பிக்க முடியாதென்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து மாமா வியர்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு நாளாச்சு. ஏன் இன்னும் புதுசாவே இருக்கு?" என்றாள் மார்சியா.

"மூணு நாள்ல ஆகாது மேடம். ரெண்டு குளிர்காலம் உடம்புலயே கிடக்கணும், தூங்கும்போதும். அப்பதான் மேல இருக்கிற முரட்டு முடி உதிரும். அடியில பஞ்சு மாதிரி இருக்கும் பாருங்க, அதுலதான் லண்டன்ல தொப்பி செஞ்சாங்க."

"ரெண்டா?"

"சில பேருக்கு மூணு. நான் கொஞ்சம் வேர்க்கிற ஆளு."

"பன்னிக் கொழுப்பைத் தடவி உலர்த்துற மெஷின்ல போட்டா?"

"படிச்ச மனுஷன் மேடம். மோந்து பாத்தாரே."

மார்சியா சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். உயரமான தொப்பி வைத்த ஸ்காட்லாந்துக்காரர், இந்தக் கோட்டையின் எழுத்தர், மாமாவின் பாட்டனுக்குப் பாட்டன். கிரீ பழங்குடி மனைவியையும் ஆறு பிள்ளைகளையும் இங்கே விட்டுவிட்டுத் தன் ஊருக்குப் போய் வேறொருத்தியை முறைப்படி கல்யாணம் செய்துகொண்டவர். படத்துக்குக் கீழே அவர் பெயர் மட்டும் இருக்கிறது.

"அந்தத் தொப்பி அந்தம்மா முதுகுல இருந்துதான் போயிருக்கும்," என்றார் மாமா. "துரை கடைசிவரைக்கும் தலையில வச்சிக்கிட்டாரு. அந்தம்மாவைத்தான் விட்டுட்டாரு."

"குளிர்காலத்துல கோட்டை மூடியிருக்குமே," என்றாள் மார்சியா.

"நான் மூட மாட்டேன் மேடம். வீட்டுல போர்த்திக்கறேன். ஆனா வேலையில இல்லாதவன் எதுக்குப் போர்த்திக்கணும்?"

"வீட்டுல உங்க மனைவி ஒத்துப்பாங்களா?"

"அடேலா? அவ என்னை இதைவிட நாத்தமா பாத்திருக்கா."

மார்சியா அரைமணி நேரம் தொலைபேசியில் பேசினாள். பிறகு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்: பாரம்பரிய உடைப் பராமரிப்பாளர், முழுநேரம், இரண்டு ஆண்டு. மாமா அதை இரண்டு முறை படித்தார். என்னிடம் கொடுத்து ஒருமுறை படிக்கச் சொன்னார். போர்வையைச் சுற்றிக்கொண்டே வண்டியில் ஏறிப் போனார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. போர்வையை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று அடேல் அத்தை சொல்லிவிட்டாள். அது கொட்டகையில் கிடந்தது. நாய் அதன்மேல் படுத்துத் தூங்கியது. மாமா பனியனோடு ஆற்றுக்குப் போய் நான்கு மீன் பிடித்தார். கோட்டைக்கு இரண்டு பேருந்துகள் வந்தன. சாயங்காலம் மழை பெய்தது.