எங்களைத் தேடி வந்த பொலிஸ்காரர்

நாங்கள் அயர்லாந்துக்குப் போனது 1991ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்துக் கடைசி வாரயிறுதியில். வெள்ளிக்கிழமை காலை லண்டன் யூஸ்டனில் ரயில் ஏறினோம், திங்கட்கிழமை திரும்பிவிட்டோம். அம்மா இன்றைக்கும் அதை 1990 என்றுதான் சொல்லுவார். 1990 ஆகஸ்டில் நாங்கள் பிளேஸ்டோ வீட்டுக்கே குடிவரவில்லை. மாமா ரயில் நேரங்களை எழுதி அனுப்பிய கடிதம் பிளேஸ்டோ விலாசத்துக்குத்தான் வந்தது. ஆகவே 1991. எனக்குப் பத்து வயது.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சிறிய ஊரின் ஆஸ்பத்திரியில் டொக்டராக இருந்தார். அம்மா அவரைக் கண்டு எட்டு வருடங்களாகியிருந்தன. அந்த செப்டெம்பரில் அவர் கனடாவுக்குப் போக இருந்தார். போனால் இனி எப்போது என்பது யாருக்கும் தெரியாது. அவருக்கு லண்டன் வர லீவு இல்லை. எங்களை வரச் சொன்னார். வந்தால் நல்ல காற்று, பச்சை வயல்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரு மலையேற்றம் என்று எழுதியிருந்தார். மலையேற்றம் என்ற சொல்லை அப்பா இரண்டு தரம் வாசித்துவிட்டு, அங்கே கோவில் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். கோவில் இல்லாத மலையில் சும்மா ஏறி இறங்குவது அவருக்கு விளங்கவில்லை.

சிக்கல் என்னவென்றால் எங்களிடம் பாஸ்போட் இல்லை. அப்பாவின் அகதி விண்ணப்பம் மூன்றாவது வருடமாகத் தீர்மானமாகாமல் கிடந்தது. பாஸ்போட்டை வாங்கி வைத்துக்கொண்டு, அதற்குப் பதிலாக ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அதில் அப்பாவின் படம், கீழே அம்மாவின் பெயரும் என் பெயரும். தீர்மானம் வரமுதல் நாட்டைவிட்டுப் போனால் வழக்கும் போய்விடும், பிறகு கொழும்புக்கு விமானம் ஏற வேண்டியதுதான் என்று சட்டத்தரணி எச்சரித்திருந்தார். ஆனால் விம்பிள்டனில் ஒரு கலியாண வீட்டில் அப்பாவுக்குப் பக்கத்திலிருந்து சாப்பிட்ட ஒருவர், அயர்லாந்து என்பது வெளிநாடே இல்லை என்று விளக்கியிருக்கிறார். லண்டனுக்குள்ளேயே ஆற்றைக் கடந்து லூயிஷாமுக்குப் போகிற மாதிரித்தானாம். நடுவில் ஆற்றுக்குப் பதிலாகக் கடல், அவ்வளவுதான் வித்தியாசம். சட்டத்தரணியை விட்டுவிட்டுக் கலியாண வீட்டு ஆளை நம்பியதற்குக் காரணம், அம்மா தம்பியைப் பார்க்க ஆசைப்பட்டதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

போகும்போது கலியாண வீட்டு ஆள் சொன்னபடியே நடந்தது. ஹோலிஹெட் துறைமுகத்தில் கப்பலேறினோம், டப்ளின் பக்கத்தில் இறங்கினோம், யாரும் எதையும் கேட்கவில்லை. மாமா காருடன் நின்றார். அம்மா அழுது முடித்து, கார் ஊரைத் தாண்டி வெளியே வந்ததும் மாமா சாதாரணமாகக் கேட்டார்.

“அத்தான், விசா எத்தனை நாளுக்குத் தந்தவை?”

“அதுக்கு விசா தேவையில்லை எண்டு சொன்னவை.”

மாமா காரை ஒரு வயலோரமாக நிறுத்தினார். “ஆர் சொன்னது?” என்று கேட்டார். கலியாண வீட்டு ஆளின் பெயரை அப்பா கேட்டு வைத்திருக்கவில்லை. வயலில் முதுகில் நீலச் சாயம் பூசிய செம்மறிகள் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றன. பிறகு மாமா, எங்களைத் தேற்றுவதற்காக என்றுதான் நினைக்கிறேன், சொன்னார்:

“சரி, வந்தாச்சு. திங்கக்கிழமை வரைக்கும் பொலிஸ்காரற்ற கண்ணில படாமல் இருங்கோ. மிச்சத்தைத் துறைமுகத்தில பாப்பம்.”

அவர் பாதி பகிடியாகச் சொன்னதை அப்பா முழுதாக எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை முழுவதும் அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மாமா ஊர்க் கடைத்தெருவைக் காட்ட அழைத்தபோது தலையிடி என்றார். முன் அறையின் திரைச்சீலையை இழுத்து மூடினார். தபால்காரர் வந்தபோது எழுந்து பின்பக்கம் போனார். நானும் அவருடன் எழுந்து பின்பக்கம் போனேன். யூனிபோர்ம் போட்டவர் யாராக இருந்தாலும் எனக்கும் பொலிஸ்தான். நான் ஏதாவது பிழையாகப் பேசி, அதனால் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, மாமாவின் பக்கத்து வீட்டுப் பிள்ளை வேலிக்கு மேலாகப் பெயர் கேட்டபோதுகூட வாய் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகத்தான் வேண்டும் என்று மாமா சொன்னார். மலையில் செம்மறிகளைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள், வீட்டைவிட அதுதான் பத்திரம் என்றார். அப்பா கறுத்தச் சப்பாத்தும் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து வந்தார். நன்றாக உடுத்தவனை யாரும் மறித்துக் கேட்பதில்லை என்பது அவருடைய பழைய நம்பிக்கை. தாள், கோட்டின் உட்பையில் பொலித்தீனுக்குள் இருந்தது. சூப் கொண்டுபோவதற்காக மாமா எடுத்து வைத்த பிளாஸ்கில் அம்மா சொதி ஊற்றினார். ஒரு பெட்டி நிறைய இடியப்பமும் வந்தது.

அடிவாரத்தில் காரை விட்டுவிட்டு ஏறத் தொடங்கினோம். அம்மாவும் மாமாவும் எட்டு வருடத்துக் கதையைச் சொல்லிக்கொண்டு மெதுவாக வந்தார்கள். அப்பாவும் நானும் முன்னே போய்விட்டோம். ஒரு மணிநேரம் ஏறியிருப்போம். அப்பாவுக்கு அந்த இடம் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். அந்த இரண்டு நாளில் முதல் தடவையாக, ஊரில் தான் சைக்கிளில் போய் விழுந்த கதை ஒன்றைச் சொல்லத் தொடங்கியிருந்தார். சொல்லிக்கொண்டே திரும்பிக் கீழே பார்த்தவர், கதையை நிறுத்திவிட்டார்.

கீழே எங்கள் காருக்குப் பக்கத்தில் இன்னொரு கார் நின்றது. அதிலிருந்து இறங்கிய இரண்டு பொலிஸ்காரர்கள் ஒரு விவசாயியுடன் பாதை வழியே மேலே வந்துகொண்டிருந்தார்கள். யாரோ கொண்டுவந்த நாய் செம்மறிக் குட்டியைக் கடித்துவிட்டதாம். அதைப் பார்க்கத்தான் வந்தார்களாம். இதை நாங்கள் அறிந்தது பின்னேரம்தான்.

அப்பா என் கையைப் பிடித்தார். பாதையோரத்தில் சுண்ணாம்பு இல்லாமல் வெறும் கல் அடுக்கிக் கட்டிய மதில் ஒன்று இருந்தது. என்னைத் தூக்கி அப்பால் இறக்கிவிட்டுத் தானும் ஏறிக் குதித்தார். ஈரப் புல்லில் மதிலோடு ஒட்டிக் குந்தினோம். நான் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். பேச்சுக்குரல் அணுகி வந்தது, நின்றது, பிறகு விலகிப் போனது. அதற்குப் பிறகும் அப்பா எழவில்லை. அவர்கள் திரும்பும்போது பாதையில் எதிர்ப்படக்கூடாது என்று, கடைசியில் என்னைக் கூட்டிக்கொண்டு மலையின் மறுபக்கமாகச் சுற்றி இறங்கத் தொடங்கினார். அந்தப் பக்கத்தில் பாதை இல்லை. கால் வைத்த இடமெல்லாம் சதுப்பு நிலம். என் ஒரு சப்பாத்து சேற்றுக்குள் போய்விட்டது. அப்பா கையை உள்ளே விட்டுத் துழாவி அதை எடுத்துக் கொடுத்தபோது மூடுபனி இறங்கியிருந்தது. எந்தப் பக்கம் ஏற்றம், எந்தப் பக்கம் இறக்கம் என்பதே தெரியவில்லை.

கீழே நடந்ததைப் பிறகு மாமா சொன்னார். எங்களைக் காணவில்லை என்று தெரிந்ததும் அவர் உடனே பொலிசாரிடம் சொல்லப் போனாராம். அம்மா அவருடைய சட்டையைப் பிடித்து நிறுத்தி, சொல்லாதே, அவர் வருவார் என்றாராம். அரை மணிநேரம் பொறுத்தார்கள். மழை தொடங்கியதும் மாமா அம்மாவின் கையை எடுத்துவிட்டுப் போய்ச் சொன்னார். அதுவரை செம்மறிக் குட்டியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த பொலிஸ்காரர்கள் கொப்பியை மூடிவிட்டு எங்களைத் தேடக் கிளம்பினார்கள். அப்பா மட்டும் ஒளியாமல் இருந்திருந்தால் அவர்கள் எங்களுக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டுத் தங்கள் பாட்டில் போயிருப்பார்கள்.

பெரிய பாறை ஒன்றின் கீழ் அப்பா தன் கோட்டுக்குள் என்னை அணைத்தபடி இருந்தார். எனக்குக் குளிரில் பல் கிடுகிடுத்துக்கொண்டிருந்தது. அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு குரல் ஆங்கிலத்தில் கூப்பிட்டது. பிறகு ஒரு விசில். இன்னொரு பக்கத்திலிருந்து மாமா அத்தான், அத்தான் என்று கத்துவது சன்னமாகக் கேட்டது.

“அப்பா, எங்களைத்தான் தேடுகினம்” என்றேன்.

“ஓம். தெரியும்.”

அவர் அசையவில்லை. விசில் கிட்ட வந்தது, பிறகு தூரப் போகத் தொடங்கியது. அவர் என் முகத்தைப் பார்த்தார். என் உதடுகளைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு எழுந்தார். கழுத்துப்பட்டியை நேராக்கி, கோட்டின் மூன்று பொத்தான்களையும் பூட்டினார். இடது கையிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றி என் கையில் மாட்டினார். கடைசி ஓட்டையில் பூட்டியும் அது முழங்கை வரை வழுகியது.

“இதை நீ வைச்சிரு, பிள்ளை.”

எனக்குக் குளிர் கூட மறந்துவிட்டது. பெரியவர்களின் மணிக்கூடு. பயப்படாமல் இருந்ததற்காகத் தந்த பரிசு என்று நினைத்தேன். அப்பா பாறைக்கு வெளியே போய், இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து விலக்கி நன்றாகத் தெரியும்படி பிடித்துக்கொண்டு, குரல் வந்த திசையை நோக்கி ஆங்கிலத்தில் உரக்கக் கூப்பிட்டார். நாங்கள் இங்கே இருக்கிறோம் என்றார்.

வந்த பொலிஸ்காரர் சிவந்த முகமுள்ள பெரிய உருவம். என்னைக் கண்டதும் தன் கோட்டைக் கழற்றி என்னைச் சுற்றிக் கட்டினார். அவர் கேட்கமுதலே அப்பா தாளை எடுத்து நீட்டினார். அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மழையில் நனைந்துவிடும், உள்ளே வையுங்கள் என்று சொல்லிவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டார். நாங்கள் மலையின் மற்றப் பக்கத்து அடிவாரத்துக்கு வந்திருந்தோம். அங்கே இன்னொரு பொலிஸ் வாகனம் வந்து நின்றது. அம்மாவை மாமா வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வாகனத்தின் பின்னிருக்கையில் அப்பா முழங்கால்களில் கைகளை வைத்து நிமிர்ந்து இருந்தார். பொலிஸ்காரர் கொடுத்த சாக்லேட்டை நான் தின்றேன்.

மாமா வீட்டு வாசலில் முதலில் இறங்கியது நான். அம்மா ஓடி வந்தார். என்னைக் கட்டிப்பிடிக்க நீட்டிய கைகள் பாதியில் நின்றன. என் கையிலிருந்த மணிக்கூட்டைக் கண்டுவிட்டார்.

“அப்பா எங்க?”

அப்பா எனக்குப் பின்னால் வாகனத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். அம்மாவின் கண்ணில் அவர் படவில்லை. அப்பா எங்க என்று மறுபடியும் கேட்டபடி என் கையையே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, அப்பா முன்னால் வந்து நின்றதும், என் கையிலிருந்து மணிக்கூட்டைக் கழற்றி அப்பாவின் கையில் பூட்டினார். வாரின் ஊசி ஓட்டைக்குள் போக வெகுநேரம் எடுத்தது. அது எனக்குத் தந்தது என்று நான் கத்தி அழுதேன். குசினியில் பொலிஸ்காரர் தேத்தண்ணி குடித்தார். அம்மா கொடுத்த இடியப்பத்தையும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். எந்த ஊர், எப்படி வந்தீர்கள் என்று எதையும் கேட்கவில்லை. நான் அம்மாவுடன் கோபித்துக்கொண்டு மூலையில் இருந்தேன்.

1986இல் ஊரில் ஒரு காலை, இராணுவம் எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்து ஆண்களை லொறியில் ஏற்றியது. ஏறமுதல் அப்பா மணிக்கூட்டைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். முகாமுக்கு உள்ளே போகிற மணிக்கூடு வெளியே வராது, ஆளும் வருவாரா என்று சொல்ல முடியாது என்பதை அப்போது எல்லா ஆண்களும் அறிந்திருந்தார்கள். அப்பா திரும்பி வரும்வரை ஏழு மாதம் அம்மா அதைத் தினமும் சாவி கொடுத்து ஓடவைத்தார். எனக்கு அப்போது ஐந்து வயது, ஒன்றும் நினைவில்லை. அம்மா இதை என்னிடம் சொன்னபோது எனக்கு முப்பது வயது ஆகியிருந்தது. அதுவும் வேறு ஏதோ கதைக்கு நடுவில்தான்.

திங்கட்கிழமை ஹோலிஹெட்டில் அதிகாரி எங்களைப் பார்த்துத் தலையை அசைத்துப் போகவிட்டார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு நீண்ட வரிசை இருந்தது. முன்னே ஒரு குடும்பத்தை மறித்து ஓரமாக நிற்பாட்டினார்கள். அதைக் கண்டதும் அப்பாவின் வலது கை மெல்ல இடது மணிக்கட்டுக்குப் போய் வாரைத் தளர்த்தத் தொடங்கியது. அம்மா அவரைப் பார்க்காமலே தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

அப்பா மனம் மாறி, பரிசை எனக்கே திருப்பித் தரப்போகிறார் என்று நான் நினைத்தேன். நன்றாக எட்டும்படி என் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.