சீட்டுக்கு அடியில் இருந்த சுவிட்ச்

அற்புதராஜ் தன் பைக்கில் மாட்டிய இரண்டு மஞ்சள் விளக்குகளைப் பார்த்துத்தான், அம்பாந்தோட்டைக் கடலில் போன கப்பல் ஒன்று கலங்கரை விளக்கமென்று நினைத்து வடக்கே திரும்பியது. சரி, கப்பல் திரும்பவில்லை. கப்பல் இருந்ததா என்பதே சந்தேகம். ஆனால் பெரகலச் சந்திக்கு மேலே, அந்தத் தோட்டத்து வளைவில் நின்றால், வானம் தெளிந்த நாளில் தெற்கே கடல் வெள்ளிக் கம்பிபோலத் தெரியும் என்பது உண்மை. விளக்குகள் ஒழுங்காக எரிந்த முதல் நாள், எதிரே தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துச் சேவல்கள் சாயங்காலம் ஆறரைக்குக் கூவின என்பதும் உண்மை. சேவல்கள் என்று பன்மையில் சொன்னதுதான் கொஞ்சம் கூடுதல்.

அற்புதராஜ் அந்தத் தோட்டத்து ஸ்டோரில் எலக்ட்ரீசியன். தேயிலை அரைக்கும் தொழிற்சாலையை அங்கே ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அவருடைய அப்பா அதே ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளியவர். மகன் எட்டாம் வகுப்போடு நின்று, எரிந்துபோன மோட்டார்களை அவிழ்த்து அவிழ்த்தே வேலை கற்றுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தவறாதவர். ஆனால் ஏணியில் ஏறும் முன், ஸ்டோர் வாசலில் இயந்திரங்களுக்குக் காவலாக நட்டிருந்த ரோதைமுனிக் கல்லுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிடுவார். யாராவது கேட்டால், “கரண்டுக்கு மதம் தெரியாதுங்க” என்பார்.

அந்த மலையில் பிற்பகல் மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிடும். ஹெட்லைட்டைப் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு, வெள்ளைச் சுவராகத் திரும்பி, ஓட்டுகிறவன் கண்ணிலேயே அடிக்கும். எது வளைவு, எது பள்ளம் என்று தெரியாமல் வண்டியைவிட்டு இறங்கி, காலால் ரோட்டோரத்தைத் தடவித் தடவி அற்புதராஜ் பலமுறை வீடு வந்திருக்கிறார். அப்படி ஒருநாள் தள்ளிக்கொண்டு வந்தபோதுதான் அவர் கவனித்தார், பனி தரையோடு படுப்பதில்லை, ஒரு முழம் மேலே தொங்குகிறது. அந்த ஒரு முழத்துக்குள் வெளிச்சத்தை விட்டால் போதும்.

தொண்ணூற்றாறாம் வருஷம் அது. வெலிமடையிலிருந்து லீக்ஸ் காய்கறி மூட்டையோடு வந்து கவிழ்ந்த லொறி ஒன்றின் பனிவிளக்குகள், பெரகலச் சந்தியில் தாஸிமின் உதிரிப்பாகக் கடையில் தூங்கிக்கொண்டிருந்தன. கடையின் மோட்டாரைச் சரிசெய்து கொடுத்ததற்காகத் தாஸிம் அவற்றைத் தூசி தட்டி எடுத்து நீட்டினார்.

“அற்புதம், பார்த்து மாட்டுங்க. கனத்துல வண்டி முன்னாடி கவுந்து எல்லாரையும் கும்பிடப் போகுது.”

“கவுந்தா உங்க கடை வாசல்லதான் கவுழும், நானா. நீங்களே தூக்கி விட்டுருவீங்க.”

முதல் நாள் விளக்குகள் மின்மினியைவிட மங்கலாக எரிந்தன. லொறியின் பல்ப் இருபத்து நாலு வோல்ட், பைக்கின் பெட்டரி பன்னிரண்டு. அது உறைக்கவே அவருக்கு ஒரு நாள் ஆயிற்று. பல்ப்பை மாற்றினார். மறுநாள் ஹெட்லைட் வயரிலேயே இதையும் முறுக்கிவிட, மெல்லிய வயர் சூடேறிப் புகைந்தது. அவருடைய மனைவி இருதயம்மா அரிசி கழுவிய தண்ணீரை ஒரு சட்டி ஊற்றி அணைத்தாள். மூன்றாம் நாள்தான் புத்தி வந்து, பெட்டரியிலிருந்து தனித் தடி வயர் இழுத்து, நடுவில் பியூஸ் ஒன்றும் ரிலே ஒன்றும் வைத்தார்.

விளக்குகளைத் தாங்குவதற்கு, கால்களைக் காக்க வண்டியின் முன்னால் வளைந்து நிற்கும் இரும்புக் கம்பிதான் இடம். ஸ்டோரில் கழித்துப்போட்ட இரும்புப் பட்டையில் இரண்டு துண்டு வெட்டி வளைத்தார். பழைய டியூப் ரப்பரைக் கம்பியில் சுற்றி அதன்மேல் இறுக்கினார். ரப்பர் இல்லாவிட்டால் கல்ரோட்டு அதிர்விலேயே பல்ப்பின் இழை அறுந்துவிடும். இரண்டாவது துண்டை வெட்டும்போது இரும்பறுக்கும் வாள் உடைந்துபோனதால், கீழே தொங்கவேண்டிய இடது பட்டை குட்டையாகி, இடது விளக்கு நான்கு விரல் மேலே ஏறி நின்றது.

அன்று சாயங்காலம் வண்டியை ஸ்டோர்ச் சுவருக்கு எதிரே நிறுத்தி, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று சோக்கால் குறித்தார். வண்டியோரம் குந்தியிருந்து சுவிட்சை அமுக்கியது இருதயம்மா.

“போடு.”

“போட்டாச்சு.”

“அணை.”

“அணைச்சாச்சு. எத்தன வாட்டி? சீக்கிரம் கோட்டைப் போடுங்க, சோறு குழையுது.”

“இடது பக்கம் மேல போகுதே, இருதயம்.”

“உங்க மூக்கும்தான் இடது பக்கம் போகுது. நான் அதோட குடும்பம் நடத்தலையா?”

அந்தச் சுவிட்சை அவர் ஹேண்டிலில் வைக்கவில்லை. வைத்தால், சாவி வண்டியிலேயே இருக்கும் நேரத்தில் லயத்தில் போகிறவர் வருகிறவரெல்லாம் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள், பெட்டரி செத்துப்போகும். ஆகையால் சீட்டுக்கு அடியில், விரல் மட்டும் நுழையும் இடுக்கில் ஒளித்துவைத்தார். சாவியைத் திருப்பினால் மஞ்சள் விளக்குகள் தாமே எரியும். வேண்டாமென்றால் அந்த இடுக்கில் விரலை விட்டு அமுக்க வேண்டும். அமுக்கிவிட்டால் எல்லா பைக்கையும்போல ஒற்றை வெள்ளை விளக்குத்தான். இடம் தெரிந்தவர்கள் புருஷனும் பெண்சாதியும் மட்டும்.

லயங்களில் அப்போது கரண்ட் இல்லை. பொழுது சாய்ந்தால், பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ரோட்டில் நகரும் எந்த வெளிச்சமும் லயத்து வாசலிலிருந்து தெரியும். ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் வரும் இரண்டு மஞ்சள் விளக்குகளுக்கு ஒண்ணரைக்கண்ணு என்று பெயர் வைத்தார்கள். “ஒண்ணரைக்கண்ணு பெரகலைக்கு எறங்குது, மண்ணெண்ணெய் சொல்லிவிட்டிருக்கலாமே” என்பார்கள். கோயில் மணியைவிட அவர் வண்டியைத்தான் ஊர் அதிகம் கவனித்தது. அதில் அவருக்கு வெளியே சொல்லாத பெருமை.

மறுவருஷம் ஒரு செய்தி பரவியது. புது நிர்வாகம் ஸ்டோரை மூடி, அரைக்கும் இயந்திரங்களைக் கழற்றி வேறு தோட்டத்துக்குக் கொண்டுபோகப் போகிறது, சனிக்கிழமை லொறி வரும் என்று. தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் மாடசாமியின் லயத்து அறையில், காம்பராவில், ஒன்பது பேர் கூடினார்கள். சனிக்கிழமை விடிந்ததும் பெண்களும் பிள்ளைகளுமாக வளைவில் உட்கார்ந்து லொறியை மறிப்பது, அதுவரை வாய் திறப்பதில்லை என்று முடிவு. ஒன்பது பேரில் அற்புதராஜும் ஒருவர். இருதயம்மாவின் தம்பி ரஜீவனும் ஒருவன்.

ரஜீவனுக்கு மூன்று வயதில் தாய் இறந்துபோனாள். இருதயம்மாதான் அவனைக் கொழுந்துக் கூடைக்குப் பக்கத்தில் இடுப்பில் கட்டி வளர்த்தாள். அவளுக்கு வேறு பிள்ளை இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அற்புதராஜ் ஸ்டோரின் மேல்தட்டில் தனியாக நின்று காற்றாடிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ரஜீவன் படியேறி வந்தான்.

“மச்சான், வண்டியைக் கொஞ்சம் குடுங்க. பெரகலையில ஒருத்தரைப் பார்த்துட்டு வந்துடுறேன்.”

“பொண்ணா?”

“அப்படித்தான் வெச்சுக்கங்களேன்.”

அற்புதராஜ் சிரித்துக்கொண்டே எண்ணெய்க் கையோடு சாவியை வீசினார். “நிறுத்தினா சாவியை எடுத்துடு. பெட்டரி பத்திரம்.”

வெள்ளிக்கிழமை எல்லோரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், பொலிஸ் ஜீப் முன்னே வர இரண்டு லொறிகள் வந்தன. மத்தியானச் சங்கு ஊதும் முன் ஸ்டோர் வெறும் கூடாகிவிட்டது. வாசலில் ரோதைமுனிக் கல் மட்டும் நின்றது, காலையில் வைத்த பூவோடு.

அன்று சாயங்காலம், தினமும் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் தோட்டமே கூடியிருந்தது. மறியல் திட்டத்தைத் தோட்ட மேலாளரான துரையிடம் யார் சொன்னது என்பதே பேச்சு. மாடசாமி நேராக அற்புதராஜிடம் வந்தார்.

“நேத்து ஏழு மணிக்கு எங்க இருந்த?”

“ஸ்டோர்ல, தலைவரே. மேல்தட்டுல.”

“கூட யாரு?”

“காத்தாடி.”

யாரும் சிரிக்கவில்லை.

“அப்ப உன் வண்டி துரை பங்களாவுக்கு யாரை ஏத்திக்கிட்டுப் போச்சு? அஞ்சு லயமும் பார்த்துச்சு. பெரகலைக்கு எறங்கல. மேல ஏறுச்சு. அரை மணி நேரம் அங்கேயே நின்னுச்சு.”

அற்புதராஜ் கூட்டத்துக்குள் ரஜீவனைத் தேடினார். அவன் தலை குனிந்து பெருவிரலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தான். பயந்துவிட்டான், இப்போது வாய் திறப்பான் என்று அவர் காத்திருந்தார். அவன் தலை நிமிர்ந்தான்.

“மச்சான், போனது போச்சு. உண்மையைச் சொல்லிட்டா இவங்க மன்னிச்சிருவாங்க.”

மெயினை அணைத்தாகிவிட்டது என்று நம்பித் தொட்ட வயர் கையை உதறினால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது அவருக்கு. வாய் வரை பெயர் வந்தது. கூட்டத்தின் ஓரத்தில் இருதயம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை சொன்னால் அவருக்குப் பெயர் மிஞ்சும், அவளுக்குத் தம்பி மிஞ்சமாட்டான்.

“வண்டி என் வண்டிதான்” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நேர்மையாகப் பார்த்தால், அதில் பொய்யும் இல்லை.

அன்று காம்பராவில் சாவியை யார் வாங்கிப்போனது என்று மனைவியிடம் மட்டும் சொன்னார். சொன்ன கையோடு சமாதானமும் சொன்னார்.

“சின்னப் பய. துரை கூப்பிட்டதும் பயந்து போயிருப்பான். என்னை மாட்டிவிடணும்னு போகல, இருதயம். அவனுக்கு அந்தச் சுவிட்ச் தெரியாது. தெரிஞ்சிருந்தா அணைச்சிட்டுத்தானே போயிருப்பான்?”

இருதயம்மா குனிந்து அடுப்பை ஊதினாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

பிறகு ஏழு வருஷம். சாவீட்டுச் செய்தி அவர் காம்பராவைத் தாண்டி அடுத்த காம்பராவுக்குப் போயிற்று. பூசையில் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கும் இடத்தில், அவருக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் பீடத்தைப் பார்த்தபடி நின்றார்கள். ஒண்ணரைக்கண்ணு ரோட்டில் தெரிந்தால் லயத்துக் கதவுகள் சாத்தப்பட்டன. விளக்குகளைக் கழற்றிவிடச் சொன்னாள் இருதயம்மா. “கழட்டினா நான்தான்னு ஆயிரும்” என்று விட்டுவிட்டார். ஸ்டோர் போனபின் தாஸிமின் கடைப் பின்கட்டில் உட்கார்ந்து மோட்டார் கட்டினார். தாஸிம் மட்டும் எதையும் கேட்கவில்லை.

ரஜீவன் மூன்றே மாதத்தில் நமுனுகுலப் பக்கம், இயந்திரங்கள் போய்ச் சேர்ந்த அதே தோட்டத்தில், கணக்கப்பிள்ளையானான். வருஷம் தவறாமல் நத்தாருக்கு, கிறிஸ்து பிறந்த நாளுக்கு, கேக் அனுப்பினான். அற்புதராஜ் ஒரு துண்டு சாப்பிடுவார். இருதயம்மா தன் பங்கைக் கோழிக்குப் போட்டுவிடுவாள். அவளுக்கு இனிப்பு ஒத்துக்கொள்வதில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இரண்டாயிரத்து நாலில் ஒரு நாள் பிற்பகல், பெரகலச் சந்தியில் முன்னால் நீட்டிய கை தெரியாத பனி. பஸ் வரவில்லை. முட்டுவலியோடு நின்ற மாடசாமியைத் தாஸிம் தோளைப் பிடித்துப் பைக்கின் பின்சீட்டில் உட்காரவைத்தார். “ஏறுங்க தலைவர். பேச வேணாம். உக்காந்தா போதும்.”

பேசவில்லை. பனிக்கு அடியில் மஞ்சள் வெளிச்சம் ரோட்டைத் துடைத்துக்கொண்டே முன்னே போயிற்று. மேல்வளைவில் பனி விலகி வெயில் எட்டிப் பார்த்தது. அற்புதராஜ் வண்டியை நிறுத்தி, தலைவரின் தொடைக்கு அடியில் கையை விட்டார். மஞ்சள் விளக்குகள் அணைந்தன.

“என்ன பண்ணின?”

“லைட்டை அணைச்சேன், தலைவரே. வெளிச்சம் வந்துருச்சுல்ல, பெட்டரிக்குக் கேடு.”

“இங்கயா சுவிட்ச் இருக்கு? எப்ப வெச்ச?”

“மாட்டின அன்னைக்கே.”

மாடசாமி வண்டியைவிட்டு இறங்கினார். முட்டுவலியை மறந்து, குனிந்து, சீட்டுக்கு அடியில் விரலை விட்டார். விளக்குகள் எரிந்தன. மறுபடி அமுக்கினார், அணைந்தன. நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

“களவா பங்களாவுக்குப் போறவன் அஞ்சு லயம் பார்க்க லைட்டைப் போட்டுக்கிட்டா போவான்? நீ போயிருந்தா அணைச்சிருப்ப. போனவனுக்கு இது தெரியாது.” சீட்டைத் தட்டிக் காட்டினார். “யாருப்பா அது?”

“வண்டி என் வண்டிதான், தலைவரே.”

மாடசாமி அதற்குமேல் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தப்பு நம்முடையது என்றார். ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் அழுதார்கள், சிலர் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ரிப்பேருக்கு வந்தார்கள். இரண்டாயிரத்து எட்டில் அவர் கண்ணை மூடியபோது சாவீட்டுச் செய்தி ஒன்பது தோட்டங்களுக்குப் போயிற்று. ஒன்பது சரிதான், எண்ணிப் பார்த்தாயிற்று.

ரஜீவனும் வந்து சவப்பெட்டியைத் தூக்கினான். அவனை முழுத் துரோகி என்று சொல்ல முடியாது. துரைக்குப் பயந்து போனான், ஊருக்குப் பயந்து பொய் சொன்னான். சுவிட்ச் தெரியாத மடத்தனம்தான் பழியை மச்சான் தலையில் போட்டது. அற்புதராஜ் அப்படித்தான் நம்பினார், அந்த நம்பிக்கையில்தான் அவரால் கேக் சாப்பிட முடிந்தது.

தோட்டத்துப் பள்ளி ஆசிரியையான நான் எழுதி, இதுவரை வாசித்ததைக் கேட்டுக்கொண்டிருந்த இருதயம்மா, போஞ்சிக்காய்க்கு நார் உரிப்பதை நிறுத்தினாள்.

“கப்பலை நீங்க என்னமோ பண்ணிக்குங்க, டீச்சரம்மா. சேவலும் இருந்துட்டுப் போகட்டும். கடைசியில சொன்னது மட்டும் தப்பு. அவனுக்குச் சுவிட்ச் தெரியும். அதுக்கு முந்தின நத்தாருக்கு வண்டியைக் கேட்டு வந்தப்ப, பெட்டரி பாவம்டான்னு நான்தான் அவன் விரலைப் புடிச்சு அந்த இடுக்குல வெச்சேன். அவருகிட்ட மட்டும் கடைசி வரைக்கும் நான் சொல்லல. அன்னைக்கு அவன் ரெண்டு தடவை போட்டுப் போட்டு அணைச்சுப் பார்த்துட்டு, ‘மச்சான் நல்லா ஒளிச்சு வெச்சிருக்காருக்கா’ன்னு சிரிச்சான்.”