சாப்பாட்டு மேசையும் பின்பால் மெஷினும்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் ஊரார் லிஃப்டுக்கு உயிர் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் பழைய பின்பால் மெஷினுக்கு உயிர் கொடுப்பார். சாய்ந்த பலகையில் உருண்டு வரும் இரும்புக் குண்டை, கீழே விழாமல் மெஷினிலுள்ள இரண்டு சின்னக் கைகளால் தட்டித் தட்டி மேலே அனுப்பும் விளையாட்டு அது. யாரோ கழித்துப் போட்டதைக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு அறையில் நிறுத்தினார். சாப்பாட்டு மேசை கால்கள் கழற்றப்பட்டுக் கட்டிலுக்கு அடியில் போனது. அன்றிலிருந்து எங்களுக்குத் தட்டு மடியில்தான்.

குறை சொல்லக் கூடாது, வேலை சுத்தம். பலகையைக் கார் பானட் போலத் தூக்கி நிறுத்தி, அறுந்த கம்பிகளைப் பற்றவைத்தார். இறுகிப்போன ரப்பர் வளையங்களை மாற்றினார். பழைய டூத்பிரஷ்ஷால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்து மெழுகு போட்டார். என்னை ஒருநாளாவது இப்படி உற்றுப் பார்த்ததுண்டா என்று கேட்டால், "உனக்கென்ன ரிப்பேர், நல்லாத்தானே ஓடுற?" என்பார். முடிந்தது என்ற வார்த்தை மட்டும் அவர் வாயில் வரவே வராது.

கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வருவதாகச் சொன்னதும் எனக்குப் பகீரென்றது. மாப்பிள்ளை தங்கம்தான். ஆனால் வாயைத் திறக்கமாட்டார். எதைக் கேட்டாலும் ஒரு "ம்". அவர் மடியிலும் தட்டை வைத்தால் மறுபடி இந்தப் பக்கம் வருவாரா? வீட்டுக்காரர் வேலைக்குப் போன நேரம் பார்த்து, தெருமுனைச் சலூன்காரரைக் கூப்பிட்டேன். முடிவெட்டக் காத்திருப்பவர்கள் விளையாடட்டும் என்று மெஷினைக் கொடுத்தனுப்பிவிட்டேன்.

விருந்தன்று காலையிலேயே சலூன்காரர் வாசலில் நின்றார். "அக்கா, எப்படித் தட்டினாலும் குண்டு வலது பக்கமே ஓடுது. தோத்தவன் எல்லாம் என்னைத் திட்டுறான்."

முகத்தைத் தூக்கி வைத்திருந்த வீட்டுக்காரர் மலர்ந்துவிட்டார். "நான்தான் சொன்னேனே, இன்னும் வேலை இருக்குன்னு! திரும்பக் கொண்டு வந்துடுங்க."

"அது உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்," என்றேன்.

வீடு துடைக்கிற எனக்குத் தெரியாதா? எங்கள் தரை இடது மூலைக்குச் சாய்வு. அதற்காக மெஷினின் இடது கால்களை உயர்த்தி மட்டம் பார்த்த மனிதர், வேறு வீட்டுத் தரை நேராக இருக்கும் என்று நினைக்கவேயில்லை. ரசமட்டத்தையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு நானே சலூனுக்குப் போனேன். கால் திருகுகளை இறக்கினேன். குண்டு ஒழுங்காக நடுவில் வந்தது.

மதியம் மேசை தயார். மாப்பிள்ளை பரீட்சை எழுத வந்தவர்போல் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரரோ மெஷின் இருந்த இடத்தையே பார்த்துப் பெருமூச்சு விட்டார். அப்போது கிண்ணத்திலிருந்து நழுவிய ஆரஞ்சு ஒன்று மெதுவாக இடது பக்கம் உருண்டு மாப்பிள்ளை மடியில் விழுந்தது. எடுத்து மேசையில் வைத்தார். மறுபடி விழுந்தது. எனக்கு மானமே போயிற்று.

மாப்பிள்ளை குனிந்து கீழே பார்த்தார். "தரை சாய்வா இருக்கு மாமா. ரசமட்டம் இருக்கா?"

எங்கள் வீட்டில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது. வீட்டுக்காரர் ஓடிப்போய் எடுத்துவந்தார். இருவரும் மேசைக்கு அடியில் புகுந்தார்கள். ஸ்பேனர் சத்தத்தோடு பின்பால் கதையும் தொடங்கியது. மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார்.

"இவர் இவ்வளவு பேசி நானே கேட்டதில்லம்மா," என்றாள் மகள்.

"அடுத்த மெஷின் எப்ப கொண்டு வரப்போறீங்க மாமா? நானும் வரேன்," என்று கீழிருந்து குரல் வந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்போதே பழகிக்கொள்வோம் என்று தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.